உள்தாழ்ப்பாள்

"கொட்டகையில என்னத்தா வைக்கப் போறீக?"

முளைக்குச்சியும் நூல்கயிறுமாக வந்து நின்ற கொத்தனார் நீள அகலம் கேட்பதற்கு முன்பு இதைத்தான் கேட்டார். விறகா, மோட்டாரா, மாடு எதுவும் வாங்கப் போறீகளா, நெல் மூட்டையா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "நான் இருக்கப் போறேன்" என்றேன். என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டாவது கேள்வியைக் கேட்டார். "வீட்டுல சாரு என்ன சொல்றாக?"

நல்ல மனிதர், வேலையும் சுத்தம். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கேட்ட அதே இரண்டு கேள்விகளைச் சொந்தக்காரர்களும் கல்லூரியில் உடன் வேலை பார்ப்பவர்களும் வேறு வேறு சொற்களில் கேட்டார்கள். வீட்டில்தான் மூன்று அறை இருக்கிறதே? மாடியில் ஒரு மூலையை மறைத்துக்கொண்டால் போதாதா? எழுதுவதற்கு இடமா முக்கியம், மனசுதானே முக்கியம்? கடைசிக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கவிஞர். அவர் வீட்டில் அவருக்குத் தனி அறை இருக்கிறது. அவர் உள்ளே இருந்தால் பேரக்குழந்தைகூட அந்தக் கதவைத் தட்டாது.

ஒக்கூரில் என் அம்மா வீட்டுக் கொல்லையில், பன்னிரண்டுக்குப் பத்து அடியில், ஓடு வேய்ந்த ஒற்றை அறை ஒன்றைக் கட்டியிருக்கிறேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கயிற்றுக் கட்டில், புத்தக அலமாரி. இவ்வளவுதான். இதற்கு ஏன் இத்தனை விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது என்று யோசித்தபோது ஒன்று புரிந்தது. பெண்ணுக்கு நம் ஊரில் யாரும் அறை கட்டித் தரவில்லை என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். அது முழு உண்மை இல்லை. கட்டித் தந்திருக்கிறார்கள். எனக்கே கட்டித் தந்தார்கள், இதே கொல்லையில், இதே மூலையில். அதைச் சொல்வதற்கு முன், இந்த மண் என் கைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

*

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆன பிறகு அண்ணன் ஒரு பத்திரத்தோடு வந்தார். விடுதலைப் பத்திரம். அந்தப் பெயரே எனக்கு வேடிக்கையாக இருக்கும். பெண் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தருவதற்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர் விடுதலை.

"சும்மா ஒரு கையெழுத்துதான் தாயி. பேங்குல லோனுக்குக் கேக்குறாக" என்றார் அண்ணன். சித்தப்பா கூடவே வந்திருந்தார். முப்பது பவுன் போட்டது, சீர் செய்தது, படிக்க வைத்தது எல்லாவற்றையும் விரல் விட்டு எண்ணினார். அண்ணனைப் படிக்க வைத்ததை அவர் எண்ணவில்லை. அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பத்திரத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தது.

அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு அது. உயில் எழுதவில்லை. அப்பத்தா முன்பே காலமாகிவிட்டார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அந்தச் சட்டத்தில் 23ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை, தன் பங்கைப் பிரித்துக் கேட்க மகளுக்கு உரிமை கிடையாது. குடியிருக்க மட்டும் உரிமை உண்டு. அதுவும் மணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்து வந்தவளாகவோ, விதவையாகவோ இருந்தால். நம் அப்பத்தாக்கள் "வாழாம வந்தா வாசல் தொறந்திருக்கும்" என்று சொல்வதைத்தான் நாடாளுமன்றம் சட்ட மொழியில் எழுதி வைத்திருந்தது. நன்றாக வாழ்கிற மகளுக்குப் பிறந்த வீட்டில் ஒரு செங்கல்லைப் பிரித்துக் கேட்கவும் வழியில்லை. அந்தப் பிரிவு நீக்கப்பட்டது 2005 செப்டம்பர் 9 முதல். நாற்பத்தொன்பது வருஷம்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்ற சட்டத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமான பெண்களை அது வெளியே நிறுத்தியது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தத்தில் இந்தத் தடை இல்லை. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தேவையில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பாயிற்று. இந்தத் தேதிகளை என் மாணவிகள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். இலக்கண நூற்பாவை மனப்பாடம் செய்கிறோமே, அதைப் போல.

நான் கையெழுத்துப் போடவில்லை. "முன்வீடு உங்களுக்கும் அம்மாவுக்கும் இருக்கட்டும். கொல்லையை என் பேருக்குப் பிரிச்சுக் குடுங்க" என்றேன். பங்குக்கு அது குறைவு என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். இருந்தும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாக எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் அண்ணன் என்னோடு பேசவில்லை. அந்தத் தீபாவளிக்கு என் பிள்ளைகளுக்கு மாமன் வீட்டிலிருந்து துணி வரவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். உரிமையைக் கேட்டால் உறவு போகும் என்பது வெறும் மிரட்டல் இல்லை, சில காலத்துக்காவது போகத்தான் செய்கிறது. ஒரு கையெழுத்து மறுக்கப்பட்டதும் நின்றுபோகிற பாசம் அதுவரை எதன் மேல் நின்றுகொண்டிருந்தது என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மா மட்டும் ஒருநாள் ராத்திரி கேட்டார். "கேக்குறதுதான் கேட்ட, கொல்லையப் போயா கேட்ட?"

*

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க இப்போது வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி, கிணறு, கொல்லை. பர்மாத் தேக்கையும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுவர்ப் பூச்சையும் வழிகாட்டிகள் தடவித் தடவிக் காட்டுகிறார்கள். வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் கல்யாணமான ஆண்மக்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஒதுக்கப்பட்டவை. மகளின் அறை எது என்று எந்தப் பயணியாவது கேட்டால் வழிகாட்டி எங்கே கையைக் காட்டுவார்?

நாங்கள் அந்தப் பெரிய வீட்டுக்காரர்கள் இல்லை. எங்கள் வீட்டில் வளவும் இல்லை, தேக்குத் தூணும் இல்லை. ஒழுங்கு மட்டும் அதே ஒழுங்கு. ஆண்களுக்குத் திண்ணை, பெண்களுக்குக் கொல்லை. அம்மி, உரல், துவைகல், சாணி, சாம்பல், மாட்டுத் தொழுவம் எல்லாம் அங்கேதான். கழிப்பறை வருவதற்கு முன் "கொல்லைக்குப் போவது" என்றாலே என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் இருக்கக் கூடாதது எதுவோ அதெல்லாம் கொல்லை. மாதத்தில் மூன்று நாள் பெண்ணும்.

எனக்குப் பதின்மூன்று வயதில் அங்கே ஒரு குச்சு கட்டினார்கள். தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்று வெட்டி வந்து, நான்கு கம்பு ஊன்றி, அரை மணி நேரத்தில் கட்டி முடித்தார். யாரும் திட்டம் போடவில்லை, எஸ்டிமேட் கேட்கவில்லை. "அதில் என்ன வைக்கப் போகிறீர்கள்" என்று மாமாவிடம் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். தனித் தட்டு, தனிப் பாய், வாசலுக்குக் குறுக்கே ஓர் உலக்கை. பதினாறு நாள். காலாண்டுப் பரீட்சை அந்தப் பதினாறு நாளுக்குள் வந்து போயிற்று. பதினேழாம் நாள் வாசலில் பந்தலும் மைக்செட்டும் சீர்த்தட்டுகளும். அதே நேரத்தில் கொல்லையில் குச்சைப் பிரித்துக் கொளுத்தினார்கள். நான் தொட்டது எதுவும் மிஞ்சக் கூடாதாம்.

அந்தக் குச்சுக்குக் கதவு இல்லை. யார் வேண்டுமானாலும் கீற்றை விலக்கி எட்டிப் பார்க்கலாம், பார்த்தார்கள். நான் மட்டும் வெளியே வர முடியாது.

இப்போது நான் அறை கட்டிய இடம் வடகிழக்கு மூலை. "ஈசானியத்துல பாரம் ஏத்தக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது" என்று பெரியம்மா வருத்தப்பட்டார். என்னை அங்கே உட்கார வைத்தபோது ஈசானியம் யாருக்கும் நினைவு வரவில்லை.

*

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அன்று தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டைப் பக்கம் அணைக்காடு கிராமத்தில் ஒரு பள்ளிச் சிறுமி இறந்தாள். முதல் முறை பூப்பெய்தியிருந்தாள். வழக்கப்படி வீட்டிலிருந்து தள்ளி ஒரு குடிசையில் அவளைத் தங்க வைத்திருந்தார்கள். புயல் வருகிறது என்று அரசு பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. தென்னை மரம் முறிந்து குடிசை மேல் விழுந்தது.

அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் குச்சு என்பது எனக்கு நாட்டார் வழக்காறு இல்லை. வகுப்பில் வாழ்க்கை வட்டச் சடங்குகள் நடத்தும்போது "பச்சை ஓலை கட்டுதல்" என்று ஒரு வரியில் கடந்துபோக என்னால் முடியவில்லை. நின்று, இந்தக் கதையைச் சொல்கிறேன். அவளைப் பெற்றவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. என் அம்மாவும் அதைத்தான் செய்தார், எனக்குப் புயல் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஊரையே பத்திரமான கட்டடத்துக்குப் போகச் சொல்லும் இரவிலும் ஒரு குழந்தையை உள்ளே கூப்பிட விடாத வழக்கத்தை மரபு என்ற சொல்லால் மூடி வைக்க நமக்கு வெட்கம் இல்லையா?

"ஆனா மேடம், அது பொண்ணுங்களுக்கு ரெஸ்ட்தானே?" ஒவ்வொரு வருஷமும் ஒரு மாணவி கேட்பாள். கெட்டிக்காரப் பெண்தான் கேட்பாள். அறிவியல் காரணம் இருக்கிறது என்று யாரோ அவளுக்கு அனுப்பியிருப்பார்கள். அவளுக்கு என் பதில் இது. ஓய்வு என்றால் வேண்டாம் என்று சொல்ல முடிய வேண்டும். மழை வந்தால் எழுந்து உள்ளே போக முடிய வேண்டும். பரீட்சை வந்தால் எழுதப் போக முடிய வேண்டும். மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டிப் பக்கம் கூவலாபுரத்தில் மாதவிலக்கு நாள்களில் பெண்கள் போய்த் தங்க முட்டுத்துறை என்று தனிக் கட்டடமே இருப்பதைப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. அது ஓய்வு விடுதி என்றால், வயலில் முதுகொடிந்த ஆணுக்கு ஏன் அப்படி ஒன்று கட்டவில்லை? நேபாளத்தின் மேற்குப் பகுதியில் இதே வழக்கத்துக்குச் சௌபடி என்று பெயர். 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. 2017இல் அது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அதன் பிறகும், 2019 ஜனவரியில் குளிருக்கு மூட்டிய தீயின் புகையில் ஒரு தாயும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்தக் குடிசைக்குள் இறந்துபோனார்கள். சட்டம் வந்தாலும் குடிசை தானாகப் பிரிந்துவிடுவதில்லை.

இதெல்லாம் இடையில் வந்தது, சங்க காலத்தில் நாம் தூய்மையாக இருந்தோம் என்று சொல்லும் தமிழாசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. புறநானூறு 299ஆம் பாட்டைத் திறந்து பாருங்கள். பொன்முடியார், ஒரு பெண், பகைவரின் குதிரைகள் ஒடுங்கி நின்றதற்கு உவமை சொல்கிறார். முருகன் கோயிலில் பாத்திரங்களைத் தொடக் கூடாமல் விலகி நிற்கும் பெண்களைப் போல என்கிறார். விலகி நிற்கும் உடல் எப்படிக் குறுகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கும் தெரியும். இரண்டாயிரம் வருஷப் பழமை என்பது ஒரு வழக்கத்துக்கு நற்சான்றிதழ் ஆகாது.

*

கட்டுமானத்துக்கு வருகிறேன். கொட்டகைதானே, தகரம் போட்டால் போதும் என்றார்கள். சித்திரை மாதம் எங்கள் ஊரில் தகரத்துக்குக் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பனஞ்சட்டம் போட்டுச் சீமை ஓடு வேய்ந்தேன். தரைக்கு ஆத்தங்குடிக் கல். மேற்கே வெயில் என்பதால் அந்தப் பக்கம் மூடின சுவர். ஜன்னல் விஷயத்தில்தான் சண்டை வந்தது.

கொத்தனார் ஜன்னலுக்குக் குறித்திருந்த இடம் அம்மாவின் அடுப்படியைப் பார்த்து இருந்தது. "இங்கிட்டு வச்சா, எழுதிக்கிட்டே பாலு பொங்குறதைப் பாத்துக்கிரலாம்ல" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஒரு பெண் எங்கே உட்கார்ந்தாலும் அவள் கண்ணில் பால் பாத்திரம் பட வேண்டும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஜன்னலை வடக்கே மாற்றினேன். அங்கே வேலியும் வேப்பமரமும் அதற்கப்பால் கண்மாய்க் கரையும் தெரியும். பால் பொங்கினால் பொங்கட்டும்.

இந்தச் சுவரை எழுப்பியவர்களில் இரண்டு பேர் பெண்கள். சித்தாள் என்கிறோம். சிறு ஆள். ஒருவருக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். சிமெண்டுக் கலவையில் மணல் ஏறிவிட்டது என்று கையில் அள்ளிப் பார்த்தே சொல்வார். கொத்தனாரும் பேசாமல் திருத்திக்கொள்வார். அவருக்குக் கூலி 600, கொத்தனாருக்கு 1,000. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அதனால்தான் அவர் கையில் கரண்டியைக் கொடுக்காமல் சட்டியை மட்டும் கொடுக்கிறார்கள். வேலையே வேறு என்று ஆக்கிவிட்டால் சட்டம் என்ன செய்யும்? பக்கத்தில் கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து வீடுகளையே கட்டி முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நம் சித்தாளுக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது என்று நம்மை நம்ப வைத்தவர்கள் யார்?

என் பங்குக்கு நான் செய்தது சிறியது. மீதி 400ஐ என் கையிலிருந்து கொடுத்தேன். அடுத்த வேலையில் அவருக்கு மறுபடி 600தான் என்பது எனக்குத் தெரியும். தனக்கென்று அறை கட்டிக்கொள்ளும் படித்த பெண்ணின் செங்கல்லை இன்னொரு பெண்தான் தலையில் சுமக்கிறாள் என்பதை இந்தக் கட்டுரையில் மறைத்தால் நான் எழுதியது எல்லாம் பொய். வேலை முடிகிற அன்று அந்த அக்கா உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "கதவு நல்லாப் போடச் சொல்லுங்க. எங்க வீட்டுல குளிக்கிற மறைப்புக்கே கதவு இல்ல" என்றார்.

*

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே வருஷம் அக்டோபரில் லண்டனில் வர்ஜீனியா வுல்ஃபின் புத்தகம் வந்தது. எழுத நினைக்கும் பெண்ணுக்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்றது. நாம் இரண்டாவதைத்தான் அதிகம் மேற்கோள் காட்டுகிறோம். வுல்ஃபே ரோட்மெல் கிராமத்தில் தன் தோட்டத்தில் கருவிகள் போட்டு வைக்கும் கொட்டகையில்தான் எழுத உட்கார்ந்தார் என்பதைச் சொல்வதில்லை. செங்கல்பட்டுத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது வருஷம் ஆயிற்று என்பதையும் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அறையைப் பற்றிக் கவிதை எழுதுவது எளிது. அந்த அறை நிற்கும் மண்ணின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பதுதான் கடினம். கணவன் பெயரில் இருக்கும் வீட்டில் நமக்கு ஒதுக்கப்படும் அறையும் ஒருவகைக் குச்சுதான். கீற்றுக்குப் பதில் செங்கல்.

என் ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு வைத்திருக்கும் ஒக்கூர் மாசாத்தியாருக்குச் சங்க நூல்களில் எட்டுப் பாட்டு இருக்கிறது. பள்ளிக்கூடம் தொடங்கி எல்லாரும் சொல்லிக் கொடுப்பது புறநானூற்றுப் பாட்டு ஒன்றைத்தான். தமையனும் கணவனும் போரில் இறந்த பிறகும் ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் தாய். ஊருக்கு அந்தத் தாய் வேண்டும். எனக்கு அவருடைய குறுந்தொகை 139 வேண்டும். அதில் நம் கொல்லை இருக்கிறது. பொழுது சாய்கிறது, வேலியோரம் காட்டுப்பூனைகள் வருகின்றன, வீட்டுக் கோழி பதறிப்போய்க் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. அந்த அலறல்போலப் பழிச்சொல் எழுகிறது, எங்கள் தெருவுக்கு வராதே என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். ஓர் ஆணைப் பார்த்து வராதே என்று சொல்லும் பாட்டை என் ஊர்க்காரி எழுதி வைத்திருக்கிறார். அதை யாரும் பேச்சுப் போட்டிக்குக் கொடுப்பதில்லை.

தச்சர் கதவு கொண்டுவந்த அன்று வெளிப்பக்கம் நாதாங்கியும் பூட்டும் மாட்டினார். உள்பக்கம் ஒன்றும் இல்லை. உள்ளே தாழ்ப்பாள் எங்கே என்று கேட்டேன். "கொட்டகைக்கு வெளிய பூட்டுனாப் போதும்த்தா. சாமான் என்ன, உள்ள இருந்தா பூட்டிக்கப் போகுது?" என்றார். மூன்று முறை சொன்ன பிறகு, சிவகங்கைக்குப் போய் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி வந்து முடுக்கினார்.

மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா ஒரு கையெழுத்து" என்று யாராவது சொன்னால் அது சும்மா இல்லை. பங்கைக் கேளுங்கள், முற்றம் தராவிட்டால் கொல்லையைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. வாங்கும்போது அதையும் கேளுங்கள். உங்கள் தங்கைக்கு, மகளுக்கு யாராவது ஓலை வெட்டி வந்தால், வாசலில் போய் நில்லுங்கள்.

போன வாரம் அம்மா தட்டினார். கதவைத் திறந்தேன். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வேப்பமரத்தைப் பார்த்தார். எழுபத்து நான்கு வயதில் அவருக்கென்று ஓர் அறை இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நீ காலேசுக்குப் போற நாள்ல நான் இங்கன வந்து படுத்துக்கிறவா?" என்று கேட்டார். சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் சாவியைப் பார்க்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தி, அந்தத் தாழ்ப்பாளை ஒருமுறை போட்டுப் பார்த்தார்.